அந்தப் பையன் ஓடட்டுமே

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், இவ்வளவு கொசுக்கடியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.

“விளையாட்டு விளம்பரத்தில் பருமனான குழந்தையைக் காட்டுவது அந்தக் குழந்தைக்குப் பெருமையா, சிறுமையா?” பெருமைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, நைக்கி ஷூ கம்பெனியின் விளம்பரத்தைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் அந்த விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. அதை நான் சொல்லிவிடுகிறேன்.

2012 ஜூலை. லண்டனில் ஒலிம்பிக் தொடங்குகிறது. அதிகாரபூர்வ ஸ்பான்சர், போட்டி ஷூ கம்பெனியான அடிடாஸ். நைக்கிக்கு அங்கே இடமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? உலகத்தில் லண்டன் என்ற பெயரில் வேறு ஊர்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடிப்போய் அங்கே கேமராவை வைத்தார்கள். அந்தக் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை ஐயா. அப்படிப் போன ஊர்களில் ஒன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் லண்டன்.

ஆளில்லாத கிராமத்து ரோடு. தூரத்தில் ஒரு புள்ளி மாதிரி யாரோ வருகிறார்கள். காலணி தரையில் படும் சத்தம் கேட்கிறது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது. கிட்டே வர வரத்தான் தெரிகிறது, பன்னிரண்டு வயதுப் பையன், நல்ல பருமன். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்கிறது. வேகமாக ஓடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. மகத்துவம் என்பது யாரோ சில பேருக்கு மட்டும் எழுதிவைத்த வரம் இல்லை, எல்லோருக்கும் எட்டக்கூடியதுதான் என்ற பொருளில் நடிகர் டாம் ஹார்டியின் குரல் பின்னணியில் பேசுகிறது. சுமார் ஒரு நிமிடம், ஒரே ஷாட். விளம்பரம் அவ்வளவுதான்.

இதற்கு ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பார்த்துக் கண் கலங்கியது என்றார்கள் பலர். இது கேலி, குண்டுப் பையனை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள் என்றார்கள் சிலர். இன்னும் சிலர், பருமனாக இருந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இது ஆபத்து என்றார்கள். எதிரணியில் அக்கா முதல் குற்றச்சாட்டைச் சொன்னார், அவருக்கு முன்னால் பேசிய தம்பி இரண்டாவதைச் சொன்னார். நடுவர் ஐயா, ஒரே விளம்பரம் ஒரே பையனைக் கேலியும் செய்து, அவன் பருமனைக் கொண்டாடவும் செய்ய முடியுமா? முதலில் அவர்கள் இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்துப் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரை நான் பேசுகிறேன்.

கேலி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? உடல் பருமன் பற்றித் தொலைக்காட்சியில் செய்தி வரும்போது கவனித்துப் பாருங்கள். நடைபாதையில் யாரோ நடந்துபோவார்கள். கேமரா வயிற்றைக் காட்டும், இடுப்பைக் காட்டும். கழுத்துக்கு மேல் வராது. பிரிட்டனில் சார்லட் கூப்பர் என்ற செயற்பாட்டாளர் 2007-இல் இந்தப் படங்களுக்குத் ‘தலையில்லாத குண்டர்கள்’ என்றே பெயர் வைத்தார். ஆளை வெட்டிவிட்டுக் கொழுப்பை மட்டும் படம் பிடிக்கிறார்கள் என்பது அவருடைய கோபம்.

இப்போது ஓஹையோ ரோட்டுக்கு வாருங்கள். அங்கே கேமரா வயிற்றைத் தேடிப் போகவில்லை. பையனுக்கு எதிரே நின்று தலை முதல் கால் வரை முழு ஆளாகப் பார்க்கிறது. சிரிக்க வைக்கும் இசை இல்லை, பக்கத்தில் ஓடி அவனை முந்திப்போகும் ஒல்லிப் பையன் இல்லை, எடை பார்க்கும் மெஷின் இல்லை, மெலிந்த பிறகு எடுத்த இன்னொரு போட்டோவும் இல்லை. அவனுடைய எடையைப் பற்றி அந்தக் குரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது நாம்தான்! விளம்பரம் வந்ததும் அவன் எத்தனை கிலோ, எத்தனை அடி என்று அமெரிக்கப் பத்திரிகைகள் விசாரித்துப் போட்டன. ஓடுகிற பையனைக் காட்டினால், நமக்கு ஓட்டம் கண்ணில் படவில்லை.

சரி, குழந்தையைச் சிறுமைப்படுத்துகிற விளம்பரமே இல்லையா? இருக்கிறது. அதுவும் நல்லவர்கள் எடுத்தது. 2011-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரின் பெரிய குழந்தைகள் மருத்துவ அமைப்பு ஒன்று குழந்தைப் பருமனுக்கு எதிராகப் பிரச்சாரம் தொடங்கியது. ரோட்டோரம் பெரிய பெரிய பலகைகள். கறுப்பு வெள்ளையில் ஒரு பருமனான குழந்தை, முகத்தில் சிரிப்பே இல்லை. கீழே சிகரெட் அட்டையில் போடுவது மாதிரி ‘எச்சரிக்கை’ என்று ஒரு வாசகம். தொலைக்காட்சியிலும் வந்தது. ஒரு பையன் தன் அம்மாவைப் பார்த்து, நான் ஏன் குண்டாக இருக்கிறேன் என்று கேட்பான். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

அவர்கள் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பருமனான குழந்தைகளின் பெற்றோரில் 75 சதவீதம் பேர் அதை ஒரு பிரச்சினையாகவே பார்ப்பதில்லை, தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது என்றார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் மறுநாள் காலை அந்தப் பலகையைப் பள்ளி வேனிலிருந்து பார்க்கிற பருமனான பெண் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து சீட்டுப் பிள்ளை பலகையைப் பார்க்கும், அப்புறம் இவளைப் பார்க்கும். எதிர்ப்பு கிளம்பியது. பெரிய உடல்வாகு கொண்டவர்கள் தங்கள் படங்களையே போட்டுப் பதில் பிரச்சாரம் நடத்தினார்கள். கடைசியில் அந்த அமைப்பும் பாணியை மாற்றிக்கொண்டது.

நான் சொல்ல வருவது இதுதான், ஐயா. லாபம் பார்க்காத மருத்துவ அமைப்பு குழந்தையை ஒரு வியாதியாக நிறுத்திக் காட்டியது. லாபத்துக்காகவே பிறந்த ஷூ கம்பெனி அதே மாதிரி ஒரு குழந்தையை ஓட்டக்காரனாகக் காட்டியது. எதிரணியினர் திரும்பத் திரும்ப ‘நோக்கம், நோக்கம்’ என்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு உங்கள் நோக்கமா தெரியப்போகிறது? படம்தான் தெரியும்.

இது என் வாய்ச்சவடால் இல்லை. உடல் பருமன் பற்றி ஆராயும் ரட் மையம் அப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தது. அங்கே ஆய்வாளர் ரெபெக்கா பூலும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த மாதிரிப் பிரச்சார வாசகங்களை மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அதுவும் 2012-இல்தான் வெளியானது. குத்திக்காட்டுகிற வாசகங்களைப் பார்த்தவர்களுக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவாக வரவில்லை. பருமன் என்ற பேச்சையே எடுக்காமல், காய்கறி பழம் சாப்பிடு, நல்ல பழக்கம் வைத்துக்கொள் என்று சொன்னவைதான் எடுபட்டன. எடையைப் பற்றி வாயே திறக்காத அந்த ஓஹையோ விளம்பரம் எந்தப் பக்கம் சேரும்?

அக்கா ஒரு கேள்வி கேட்டார். “நைக்கிக்குக் குழந்தைமேல் பாசமா, ஷூமேல் பாசமா?” ஷூமேல்தான் அக்கா! அதில் என்ன சந்தேகம்? அதே லண்டன் ஒலிம்பிக்குக்கு ஸ்பான்சர்களாக நின்றவர்கள் மெக்டொனால்ட்ஸும் கொக்கோ கோலாவும். ஒலிம்பிக் பூங்காவுக்குள்ளேயே மெக்டொனால்ட்ஸ் பிரம்மாண்டமாகக் கடை விரித்தது. பர்கர் விற்பவர் பதக்கம் வாங்கிய ஒல்லியான வீரரைக் காட்டலாம், ஷூ விற்பவர் ஓடுகிற பருமனான பையனைக் காட்டக் கூடாது என்றால், அது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம், படப்பிடிப்பில் ஓடி ஓடி அந்தப் பையன் வாந்தி எடுத்தான் என்று அப்போது செய்தி வந்தது. தம்பி அதைச் சொன்னபோது அரங்கம் அமைதியானது. எனக்கும் அது உறுத்தல்தான். குழந்தையை வெயிலில் நிறுத்தி டேக் மேல் டேக் வாங்குவது தவறு, ஒல்லிக் குழந்தையாக இருந்தாலும் தவறுதான். அதற்குத் தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், பக்கத்தில் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்கிறேன். ஆனால் அதற்குத் தீர்வு, இனிமேல் அந்த மாதிரிக் குழந்தையைப் படமே எடுக்காதே என்பதா?

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஏறக்குறைய ஆறு குழந்தைகளில் ஒன்று உடல் பருமன் கொண்டது. விளையாட்டு விளம்பரங்களில் வருகிற குழந்தைகளில் ஆறில் ஒன்றையாவது அப்படிப் பார்த்திருக்கிறோமா? 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடி வியர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒல்லிப் பிள்ளைகள் மட்டும் என்று அதில் போடவில்லை. ஆனால் நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் என்ன நடக்கிறது? இரண்டு கேப்டன்கள் மாறி மாறிப் பெயர் சொல்லி ஆள் எடுப்பார்கள். கடைசியில் ஒரு குண்டுப் பையன் நிற்பான். “நீயே வச்சுக்கோடா” என்று ஒருவன் இன்னொருவனிடம் தள்ளுவான். பி.டி. சார் பரிதாபப்பட்டு ஸ்கோர் எழுதச் சொல்வார். கயிறு இழுக்கும் போட்டி வந்தால் மட்டும் கடைசி ஆளாக நிற்க அவனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பையன் தன்னை மாதிரி ஒருவன் ஓடுவதை எங்கேதான் பார்ப்பான்?

இது பெரியவர்களுக்கும் நடக்கிறது. 2019-இல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் இருக்கும் நைக்கி கடையில், விளையாட்டு உடை போட்ட பருமனான பெண் பொம்மை ஒன்றை வைத்தார்கள். வெறும் பொம்மை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடவா முடியும் என்று பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றில் ஒருவர் கட்டுரை எழுதினார். அதே உடல்வாகோடு மாரத்தான் ஓடிய பெண்கள், இதோ ஓடுகிறோமே என்று தங்கள் படங்களைப் போட்டுப் பதில் சொன்னார்கள். பருமனாக இருப்பவர் வீட்டில் உட்கார்ந்தால் சோம்பேறி, டிராக் பேண்ட் போட்டுத் தெருவுக்கு வந்தால் காட்சிப்பொருள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, கேட்டது. அடுத்துப் பேச எதிரணி அண்ணன் எழுந்து வருகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். அண்ணே, அந்தப் பையன் உடம்பு நன்றாக இருக்க ஓடத்தான் வேண்டும் என்று நீங்களும் ஒத்துக்கொள்கிறீர்கள். ஆனால் யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் எந்த ரோட்டில், காலையில் எத்தனை மணிக்கு ஓடலாம்? அதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.