காதால் பார்க்கும் ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொம்... தட்... தொம்-தொம்... தட்.

முதல் 'தொம்' வலது பாதம் முழுசாகத் தரையில் விழும் ஓசை. உடனே இடது முழங்கால் இடுப்புயரத்துக்கு எழும்புகிறது. அந்தத் தொடைக்கு அடியில் இரு கைகளும் சந்திக்கும்போது ஒரு 'தட்'. இடது கால், வலது கால் என அடுத்தடுத்து இறங்குவது 'தொம்-தொம்'. கடைசித் தட்டு நெஞ்சுக்கு நேரே. பத்துப் பேர் சேர்ந்து இதைச் செய்து ஒருவர் செய்ததுபோலக் கேட்டால், அதுதான் ஸ்டெப்பிங். மேளம், பாட்டுப்பெட்டி எதுவும் கிடையாது.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் சூட்டி நடத்தும் சகோதர, சகோதரிச் சங்கங்களின் சொத்து இது. பெரிய சங்கங்கள் ஒன்பது. மூத்தது 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. ஐந்து சங்கங்கள் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை.

வேர் எங்கே? 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதைத் தடுத்தது. கையும் தொடையும் மார்பும் தாளம் போட்ட 'ஜூபா' வழக்கம் தோட்டங்களில் நிலைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸ் அணிந்து, அதைத் தட்டி ஆடும் கம்பூட் ஆட்டத்தோடும் ஸ்டெப்பிங்குக்குச் சாயல் உண்டு. ஆனால் சாயலை வைத்து, அதிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்வது அவசரம்.

இனி, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம். முதல் எதிரி வேகம். மேடை ஏறியதும் படபடப்பில் எல்லாரும் முந்துவார்கள். எட்டு எண்ணிக்கை ஏழரையாகச் சுருங்கிவிடும். தலைமை தாங்கும் ஸ்டெப் மாஸ்டர் குரல் கொடுத்துத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அடுத்தது கை. உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் ஓசை கனமாக வரும். விரல்களை மறுகையின் உள்ளங்கையில் தட்டினால் கூர்மையாக வரும். வரிசையில் இரண்டும் கலந்தால் எல்லாம் சலசலப்புதான். முழங்காலை விறைப்பாக வைத்து மிதித்தால் அதிர்ச்சி நேரே கணுக்காலிலும் முன்னங்காலிலும் ஏறும்; எப்போதும் லேசாக மடங்கியே இருக்கட்டும். காலணியின் ரப்பர் அடிப்பாகம் சத்தத்தை விழுங்கும், கெட்டியான அடிப்பாகம் வேண்டும். மரமேடை கூடவே அதிரும். சிமென்ட் தரை காலைத்தான் பதம் பார்க்கும்.

பாட்டு ஓட, வரிசையாக அசைந்து நகர்வதை 'ஸ்ட்ரோல்' என்பார்கள், அது வேறு. கப்பா ஆல்ஃபா சை சங்கத்தார் கைத்தடி சுழற்றுவது போல ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி முத்திரை உண்டு. இன்னொரு சங்கத்தின் முத்திரையை எடுத்து ஆடினால் வீண் மனஸ்தாபம்தான்.

முயன்று பார்க்க நினைப்பவர்கள், தொடக்கத்தில் சொன்ன நான்கு எண்ணிக்கையை மிக மெதுவாக ஐம்பது முறை செய்யுங்கள். செல்போனில் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் தட்டியது ஒரே தட்டாகக் கேட்ட பிறகு வேகத்தைக் கூட்டலாம். மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.