ஜீன்ஸ் அடி மடிக்கத் தெரிஞ்சா பாதி டெய்லர்!

வணக்கம் மக்களே! இன்னைக்கு செம குஷியில இருக்கேன். காரணம் இதோ, இந்த ஜீன்ஸோட அடி. கேமராவுக்குக் கிட்டக் கொண்டு வரேன். சைடு தையல் வந்து சேர்ற இடத்துல ஒரு தடிப்பு இருக்கு பாருங்க, அதுக்கு மேலயும் தையல் ஒரே சீரா போயிருக்கு. ஒண்ணு கூட விட்டுப் போகல. எவ்வளவு அழகா இருக்கு!

டெய்லராகணும்னு கேக்குறவங்க பாதிப் பேரு "முதல்ல எந்த மிஷின் வாங்கலாம், கட்டிங் எங்க கத்துக்கலாம்"னுதான் ஆரம்பிக்கிறீங்க. ரொம்ப நாளா பாக்குறவங்களுக்கு என் பதில் தெரியும். ஆல்ட்ரேஷன்ல இறங்குங்க. ஒரே வாரத்துல டெய்லர் ஆகலாம்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அடுத்தவங்க தச்சதைப் பிரிக்கும்போதுதான் தொழில் புரியும். காலர் விறைப்பா நிக்க உள்ள என்ன கேன்வாஸ் துணி வச்சிருக்காங்க, தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்காங்க, கைக்குழிய எங்க வளைச்சிருக்காங்கன்னு எல்லாம் உள்ள இருக்கும். துணியப் பாழாக்குற பயமும் குறைவு, ஏன்னா கத்தரிக்கு வேலை கம்மி.

சரி, ஜீன்ஸுக்கு வருவோம். தடிப்பு வந்ததும் மிஷின் ஏன் மக்கர் பண்ணுது? மிஷினோட பாதம் முன்னாடி தூக்கிக்குது, பின்னாடி இறங்கிடுது. சாஞ்சு போன பாதத்தால துணிய அழுத்திப் பிடிக்க முடியாது. கீழ இருக்குற பல்லுக்குப் பிடி கிடைக்கல, துணி நகரல, தையல் ஒரே இடத்துல குவியுது. அதனால தடிப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. ஊசி துணிக்குள்ள இறங்கி இருக்கட்டும். பாதத்தத் தூக்கி, அதோட பின்பக்கத்துக்கு அடியில ஒரு துண்டு ஜீன்ஸ மடிச்சு வைங்க. பாதம் மட்டமாயிடும். அப்புறம் சக்கரத்தக் கையாலயே சுத்தி ஏத்துங்க. தடிப்புல இருந்து இறங்கும்போது அந்தத் துண்டு பாதத்தோட முன்பக்கத்துக்கு அடியில போகணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க!

ஐயோ இருங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. தைக்கிறதுக்கு முன்னால அந்தத் தடிப்பச் சின்னச் சுத்தியலால நல்லாத் தட்டிடுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது. ஊசியும் 100/16 சைஸ், அதாவது தடிச்ச ஊசி போடுங்க. மெல்லிசு துணிக்குப் போடுற 75/11 ஊசிய ஜீன்ஸ்ல விட்டா வளையும், உடையும். ஊசியில நீளமா ஒரு கோடு ஓடும் பாருங்க, நூல் கோக்குற பக்கம் அது இருக்கணும். திருப்பிப் போட்டா தையலே விழாது.

மேல்நூலும், கீழ பாபின்ல சுத்தி வைக்கிற அடிநூலும் துணிக்கு நடுவுல பூட்டிக்கிற இந்தத் தையலுக்கு அமெரிக்காக்காரர் எலியாஸ் ஹோவ் 1846லயே காப்புரிமை வாங்கிட்டாரு. இன்னைக்கும் மிஷின் அப்படித்தான் தைக்குது. அதனால அடிப்படைய ஒரு தடவ பிடிச்சுட்டா எந்த மிஷினுக்கு முன்னாடியும் தைரியமா உக்காரலாம்.

புதுசா வர்றவங்க கோடு போட்ட பேப்பர்ல நூல் இல்லாமத் தச்சுப் பழகுங்க. ஓட்டை கோட்டு மேலயே விழணும். கால் பழகினதும் கடையில உதவிக்குச் சேருங்க. முதல்ல பட்டன், காஜா (பட்டன் ஓட்டை), எமிங் (ஓரம் மடிச்சுத் தைக்கிறது)தான் கைக்கு வரும். சலிச்சுக்காதீங்க, விரலுக்குத் துணியோட குணம் அங்கதான் தெரியுது. ஒவ்வொரு தையலுக்கும் அயர்ன் போடுற பழக்கமும் அங்கேயே வரட்டும். அயர்ன் போடாத தையல் எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

ஆங், அளவு! ஜீன்ஸ் புதுசுன்னா முதல்ல துவைச்சுட்டு வரச் சொல்லுங்க, சுருங்கும். போடப் போற செருப்போட, ஷூவோட நிக்க வச்சு அளவெடுங்க. வெறுங்காலோட எடுத்தா நீளம் மாறிடும்.

கூலி விஷயத்துல நான் கறார். தைக்கிற நேரத்த மட்டும் கணக்குப் போடாதீங்க. பிரிக்கிற நேரம் பல தடவ அதை விட அதிகம், அதையும் சேர்த்துக் கேளுங்க. "சின்ன வேலைதானே"ன்னு யார் சொன்னாலும் இறங்காதீங்க.

அடுத்த வீடியோ, பேண்ட்ல ஜிப் மாத்துறது. பழைய பேண்ட் ஒண்ணும் தையல் பிரிக்கிற ஊசியும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க, சேர்ந்தே பிரிப்போம். வரட்டா!