மேடே இல்லாத மின்போர்வையில் சூட்டை யார் நிறுத்துகிறார்?

வணக்கம் மக்களே! காலையில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உப்புத் தூவினது போலக் கிடந்தது. இந்த உறைபனியில்தான் என் பழைய மின்போர்வை நின்றுபோனது. அதேதான், புளியங்கொட்டை போல மேடு மேடாக முதுகில் குத்துகிறது என்று ஒவ்வொரு பனிக்கால வீடியோவிலும் காட்டினேனே, அது.

புதியது 2,890 ரூபாய். விலைகூடப் பரவாயில்லை, ஒயர்தான் போதவில்லை! பிளக்குக்கு ஒரு சாண் குறைவு. கட்டிலை நகர்த்தினேன், பீரோ கதவு திறக்கவில்லை. பீரோவை நகர்த்தினேன், ஜன்னல் மறைந்தது. கடைசியில் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டேன், சுவர் பிளக்கிலேயே எட்டிவிட்டது! இதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, புதியதில் மேடே இல்லை. அப்படியானால் சூட்டை யார் நிறுத்துவது? பழையதில் அந்த மேடுகளுக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய சின்னத் தகடு இருந்தது. சூட்டில் ஒரு உலோகம் கூடுதலாக விரியும், தகடு வளையும், கரண்ட் விட்டுப்போகும். ஆறினால் திரும்பச் சேரும். ஆனால் மேடு இல்லாத இடத்தில் போர்வை மடிந்து கொதித்தால் அதற்குத் தெரியாது. அதனால்தான் எனக்கு அதன்மேல் அவ்வளவு கோபம்.

புதியதில் உள்ளே ஓடும் கம்பியே சென்சார். சூடு ஏற ஏறக் கம்பியின் மின்தடை மாறுகிறது. கையில் இருக்கும் கண்ட்ரோலர் அதைப் பார்த்துக் கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கிறது. வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தேன்: கண்ட்ரோலரை 1-ஆம் எண்ணில் வைத்தால் கொஞ்ச நேரம் 98 வாட், கொஞ்ச நேரம் பூஜ்யம். 3-இல் பூஜ்யம் வருவதே அபூர்வம். அப்படியே பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது!

சொல்ல விட்டுவிட்டேன், இது மேலே போர்த்துவது இல்லை. மெத்தைமேல் விரித்து, அதன்மேல் பெட்ஷீட் போட வேண்டும். இன்னொன்று, கம்பிக்குள் இரண்டு இழை, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒரு இடம் மட்டும் எல்லை மீறிக் கொதித்தால் உறை உருகி, இழைகள் தொட்டுக்கொள்ளும். உடனே ஃபியூஸ் போய் மொத்தமும் அணைந்துவிடும். அப்புறம் அந்தப் போர்வை தேறாது, ஆனால் நாம் தப்பித்துக்கொள்வோம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த உறைதான்.

எடுத்து வைக்கும்போது மடிக்காதீர்கள் மக்களே, பாய் போலச் சுருட்டுங்கள். மடித்த இடத்தில்தான் இழை அறும்.