ஹோய் ஆன்: ஆறு விலகிப் போன கடைத்தெரு

[திரையில்: மத்திய வியட்நாமின் வரைபடம். து போன் ஆறு கடலில் கலக்கும் இடம் பெரிதாகிறது.]

து போன் ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்பாக, அதன் வடகரையில் ஹோய் ஆன் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அதன் பழைய பெரிய கடைத்தெருவின் இன்றைய பெயர் திரான் ஃபூ. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அது ஜப்பானியப் பாலத் தெரு எனப்பட்டது.

17ஆம் நூற்றாண்டில் ஜப்பானியரும் சீனரும் இங்கே குடியேறி வணிகம் நடத்தியபோது, இத்தெரு ஆற்றங்கரையை ஒட்டியே இருந்தது. இவ்வூர் வணிகர் வீடுகளின் முன்கட்டில் வியாபாரம் நடக்கும். சரக்கோ, ஆற்றைப் பார்த்துத் திறந்திருக்கும் பின்கட்டு வழியாகப் படகிலிருந்து நேரே வீட்டுக்குள் வந்து இறங்கும். இன்று இத்தெருவிலிருந்து ஆற்றை அடைய வேண்டுமானால் நுயென் தாய் ஹோக், பாக் டாங் என்ற இரண்டு தெருக்களைத் தாண்ட வேண்டும். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையைத் தெற்கே தள்ளிக்கொண்டே போக, அப்படிக் கிடைத்த புதுநிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த தெருக்கள் அவை.

[திரையில்: மூன்று தெருக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படுகின்றன.]

அதே வண்டல்தான் துறைமுகத்தையும் முடக்கியது. பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் போயின. 1888இல் பிரெஞ்சுக்காரர் வசமான தா நாங் துறைமுகம் வணிகத்தை வடக்கே இழுத்துக்கொண்டது. கையில் காசு புரளாத ஊரில் பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் மாடி எழுப்ப யாருக்கும் அவசரம் வரவில்லை. போரிலும் பெரிய அழிவு நேராததால், 1,100க்கும் மேற்பட்ட மரச்சட்டக் கட்டடங்கள் தப்பின. இவ்வூரைக் காப்பாற்றியது திட்டமன்று, வறுமைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. திட்டம் பின்னர்தான் வந்தது: 1980களில் போலந்துக் கட்டடக் கலைஞர் காசிமியர்ஸ் குவியாத்கோவ்ஸ்கி இதன் மதிப்பை எடுத்துரைத்தார், 1999இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

[திரையில்: ஒரு வீட்டு வாசல். நிலையின் மேல் மரத்தில் செதுக்கிய இரண்டு வட்டக் கண்கள்.]

வீட்டைக் காக்கும் என்று நம்பிப் பதித்த இந்தக் கண்களுக்குக் கீழே இப்போது பெரும்பாலும் தையற்கடை, காப்பிக்கடை, விளக்குக்கூடு விற்கும் கடை ஆகியவையே இருக்கின்றன. குறிப்பிட்ட நேரங்களில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை உண்டு. வாடகை ஏற ஏற, பல குடும்பங்கள் வீட்டைக் கடைக்கு விட்டுவிட்டு ஊரின் புதுப்பகுதிக்குப் போய்விட்டன. மரபுக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்குக்கூட அனுமதி தேவைப்படும் தெருவில், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் எந்த விதியாலும் காக்க முடியவில்லை.

[திரையில்: மரத்தாலான மேல்தளத்தில் ஒரு சதுரத் திறப்பு.]

வெள்ளம் மட்டும் அன்றும் இன்றும் தவறாமல் வருகிறது. பழைய வணிகர் வீடுகள் சிலவற்றின் மேல்தளத்தில் சதுரமான திறப்பு ஒன்றை விட்டிருப்பார்கள். ஆறு பெருகினால் கப்பியும் கயிறும் கொண்டு சரக்கை அதன் வழியே மேலே ஏற்றிவிடுவார்கள். அப்படியும் 1964இல் வந்த பெருவெள்ளம் ஊரை உலுக்கியது. 2025 அக்டோபர் இறுதியிலும் பழைய நகரம் நீரில் மூழ்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலை 1 முதல், ஹோய் ஆன் நிர்வாக அளவில் தா நாங் மாநகரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆக, ஒரு காலத்தில் இதன் கப்பல்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்ட ஊர்தான் இத்தெருவை இப்போது நிர்வகிக்கிறது.