கொம்பு இடம் மாறிய சுவரொட்டி

(சூப்பர்ஹீரோ திரைப்படச் சுவரொட்டிகளையும் முன்னோட்டங்களையும் மதிப்பிடும் மாணவர் போட்டியின் பரிசளிப்பு விழாவில், மும்பை தாராவியில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, நெல்லைச் சீமையிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகளாகத் தாராவியில் அச்சகம் நடத்திவருபவரும் இன்றைய பரிசுகளின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டவருமான அண்ணாச்சி அவர்களே, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இந்த மழையிலும் ரயில் மாறி வந்திருக்கும் மன்றத்து நண்பர்களே, பரிசுக்காகக் காத்திருக்கும் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைமையாசிரியை அம்மையார் தேர்வுத்தாள் திருத்துவதை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது முறையாகாது.

நடுவன் என்ற முறையில் மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். சுவரொட்டியை எப்படிப் பார்ப்பது, முன்னோட்டத்தை எப்படி எடைபோடுவது, முன்னோட்டத்தின் இசை நம்மை எப்படி ஆட்கொள்கிறது என்பவையே அவை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கட்டுரை எழுதிய பிள்ளைகளில் பலர் இதை நம்பித்தான், முன்னோட்டம் நன்றாக இருப்பதால் படமும் நன்றாக இருக்கும் என்று முடித்திருக்கிறார்கள். என் அம்மா பதம் பார்க்கும்போது அகப்பையை அடிவரை விட்டுக் கிளறி, கையில் அகப்பட்ட பருக்கையை விரலால் நசுக்கிப் பார்ப்பார். முன்னோட்டத்தில் பருக்கையைப் பொறுக்கித் தருபவர் சமைத்தவரே. சில நேரம் அது அந்தப் பானையில் வெந்ததாகக்கூட இருப்பதில்லை. 2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தின் முன்னோட்டத்தில், வக்காண்டா என்ற கற்பனை நாட்டின் போர்க்களத்தில் ஹல்க் என்ற நாயகன் ஓடிவருவார், படத்தில் அந்தக் காட்சியே கிடையாது. எங்கள் போட்டியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 2021இன் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' முன்னோட்டத்தின் பிரேசில் பதிப்பைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதில் பல்லி மனிதனின் தலை, யாருமே அடிக்காமல், அடி வாங்கியதுபோல் திரும்புகிறது. அங்கே இருந்த ஒருவரைக் காட்சியிலிருந்து அழித்திருக்கிறார்கள் என்று அவள் காரணம் காட்டுகிறாள். பொறுக்கிக் கொடுத்த சோற்றிலும் பதம் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சுவரொட்டிக்கு வருகிறேன். ஓவியர் எம்.எஃப். உசேன் இளமையில் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்தது இந்த நகரில்தான். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படத்தின் பெயரும் ஒரு முகமும் தங்க வேண்டும் என்பதே அந்தப் பலகைகளின் இலக்கணம். இன்றைய சூப்பர்ஹீரோ சுவரொட்டிகளில் பதினைந்து தலைகள் மேகம்போல் மிதக்கின்றன, எதுவும் தங்குவதில்லை. இதைப் பற்றி இன்னும் பேசலாம். ஆனால் சென்ற ஆண்டு நடந்த ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும்.

சயன் பக்கம் ஒரு திரையரங்குக்கு என் பேரனை அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. தெருவில் மராத்தியும் இந்தியும் பேசுகிறவன், கண்ணில் படும் தமிழ் எழுத்தையெல்லாம் கூட்டிப் படிக்கும் பருவத்தில் இருந்தான். நுழைவாயிலில், பறக்கும் நாயகனின் ஆளுயரப் படம். இங்கேயே அச்சடித்த ஃபிளெக்ஸ். அதன் கீழே 'போராட்டம் தொடங்குகிறது' என்று இருந்திருக்க வேண்டும். அவன் என் கையை விட்டுவிட்டு அருகே போய், விரல் வைத்து, "ப... ப..." என்று நின்றான். பகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு அதன் பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தகரத்தின் ஒற்றைக் கொம்புக்கும் அதே கதி. அவன் மறுபடி தொடக்கத்திலிருந்து படித்துப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள், அவன் நகரவில்லை. "தாத்தா, டீச்சர் கொம்பை முன்னாடிதானே போடச் சொன்னாங்க? நான் படிச்சதுதான் தப்பா?" என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. படம் பார்த்தோம், வீடு திரும்பும்வரை அவன் வேறு எந்தப் பலகையையும் படிக்கவில்லை. அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பிழை எங்கே நேர்கிறது என்று நம் அண்ணாச்சியிடம் கேட்டேன். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு தட்டச்சு செய்த வரிசையிலேயே மெய்யின் பின்னால் விழுந்துவிடும் என்று கணினியிலேயே காட்டினார். சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் பார்த்தால் போதும். அதற்குத்தான் ஆள் வைப்பதில்லை.

2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' சுவரொட்டியில் நடிகை டனாய் குரீராவின் முகம் இருந்தும் மேலே பெயர் இல்லாமல் போனபோது, ரசிகர்கள் எழுப்பிய குரலால் உடனே பெயரைச் சேர்த்தார்கள். அதே படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். தமிழ்க் குரலுக்கு இவ்வளவு சிரத்தை எடுப்பவர்கள், தமிழ் எழுத்துக்கும் எடுப்பார்கள். நாம் கேட்க வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், இந்த நகரத்தில் தமிழுக்கு என்ன மதிப்பு என்பதற்கு அந்த ஒரு கொம்பே பதம்.

இசையைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளை மட்டும் வைக்கிறேன். இங்கே தமிழ்ப்படங்களும் தமிழ்ப் பதிப்புகளும் வெளியிடும் விநியோகஸ்தர்களுக்கும் திரையரங்குகளுக்கும் ஒரு மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். தமிழ் விளம்பரங்களை அச்சுக்கு முன் பணம் வாங்காமல் மெய்ப்புப் பார்த்துத் தர, நம் பள்ளி ஆசிரியர்கள் ஐவர் முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசி எண்களும் மனுவில் உள்ளன. போகும்போது அனைவரும் கையெழுத்திடுங்கள். இப்போது அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியை முதல் பரிசு பெற மேடைக்கு அழைக்கிறேன். பரிசை வழங்குமாறு அண்ணாச்சி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.