ஓபி சீட்டில் நேரம் எழுதுங்கள்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய நகராட்சித் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வார்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, என்னிடம் புள்ளியியல் படித்த மாணவச் செல்வங்களே, தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். முதல்வர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். ‘மருத்துவமனையும் கணக்கும்’ என்ற தலைப்பை நான் சொன்னதுமே, “வாருங்கள், எங்கள் குறைகளையும் பேசுங்கள்” என்றார் அவர். அப்படிச் சொல்லப் பெரிய மனம் வேண்டும்.

வரிசை, படுக்கை, மருந்து ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நான் கற்பித்த பாடம் முழுவதும் இந்த ஒரு பழமொழிக்குள் அடங்கிவிடும். கிரிமியப் போரின்போது, 1854இல், துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன புளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கு ஏந்திய அம்மையாராகத்தான் நமக்குத் தெரியும். அவர் இன்னொரு கையில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தார். போரில் பட்ட காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் அதிகச் சிப்பாய்கள் செத்தார்கள் என்பதை 1858இல் வட்ட வடிவப் படங்களாக வரைந்து காட்டினார். படத்தைப் பார்த்த பிறகு மறுப்பது கடினமாகிவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் ராடாரையும் கப்பல் வரிசைகளையும் இப்படி அளந்து ஆராய்ந்தார்கள். அங்கே வளர்ந்த துறைதான் செயல்முறைகள் ஆராய்ச்சி. நம் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் அது ஒரு பாடமாகவே இருக்கிறது. லாரியில் மூட்டை ஏற்றும் கணக்கு என்று பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே கணக்கு ஒரு நோயாளியின் காலைக் காப்பாற்றும். எப்படி என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அக்காவை ஒரு பெரிய மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அக்காவுக்கு அப்போது 71 வயது. காலை ஆறே காலுக்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்பே நாற்பது பேர் நின்றார்கள். ஏழரைக்கு வெளிநோயாளிகளுக்கான ஓபி சீட்டு, பிறகு வெறும் வயிற்றில் ரத்தம். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பழக்கமில்லை. அக்காவின் பையில் பால் கணக்கு எழுதும் நோட்டு இருந்தது. அதை எடுத்து, மருத்துவர் அறைக்குள் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வெளியே வருகிறார் என்று எழுதத் தொடங்கினேன்.

மருத்துவர்கள் இருவரும் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். எட்டிலிருந்து பத்தரை வரை அவர்கள் அறைக்குள் போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். வெளியே உட்கார இடமில்லை, உள்ளே நாற்காலி காலி! பத்தரை மணிக்கு ஊழியர் ஒருவர் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி எடுத்து வந்தார். அணை திறந்ததுபோல் கூட்டம் பாய்ந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அக்காவின் முறை வந்தபோது மணி ஒன்று. மருத்துவர் முகத்தில் களைப்பு. சீட்டை வாங்கினார், எழுதினார், கொடுத்தார். வீடு வந்து சேர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் அக்கா சொன்னாள்: “பாதம் மரத்துப்போகிறது, செருப்பு கழன்றதே தெரியவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன் தம்பி. அவர் அவசரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.” சர்க்கரை நோயாளியின் பாதம் மரத்துப்போனால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் சகோதரிகளுக்குத் தெரியும்: புண் வந்தாலும் தெரியாது, கவனிக்காமல் விட்டால் காலையே இழக்க நேரிடலாம்.

மறுநாளே நோட்டோடு போய்த் தலைமைச் செவிலியரைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்தார். “எங்களுக்கும் தெரியும் ஐயா. ஆனால் மேலே காட்ட எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. சீட்டில் தேதி இருக்கிறது, நேரம் இல்லை” என்றார். அந்த அம்மையார் அத்தோடு நிற்கவில்லை. முடிவுகளை அரை மணிக்கு ஒருமுறை கொண்டுவர ஏற்பாடு செய்தார். புதிய இயந்திரம் இல்லை, புதிய ஆள் இல்லை. அடுத்த மாதம் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா தன் பாதத்தைக் காட்டிவிட்டு வந்தாள். ஆனால் அதற்கடுத்த சில மாதங்களில் அந்தத் தலைமைச் செவிலியர் மாறுதலில் போய்விட்டார். மறுபடியும் பத்தரை மணி, மறுபடியும் ஒரே கட்டு. நல்ல மனிதர் போனால் நல்ல வழக்கமும் கூடவே போகிறது, ஏனென்றால் அது எந்தத் தாளிலும் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் நிரூபித்த விதி ஒன்று உண்டு. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், மணிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்கினால் கூடத்தில் 240 பேர். தங்கும் நேரத்தை 2 மணியாகக் குறைத்தால் 120 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் கூடம் இரண்டு மடங்காகிவிடுகிறது.

நம்மால் முடியுமா என்று கேட்காதீர்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர், முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர். அங்கே ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பினால் போதும். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நிமிடக் கணக்கு இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை நடத்திக் காட்டினார்கள்.

மருந்துக்கு வருகிறேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். எந்த மருந்து எவ்வளவு போனது என்பது அந்தப் புத்தகத்தில் ஏறிவிடும். மருந்து மாத்திரைக்கு இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கும் நாம், அதை வாங்க வரும் மனிதரின் நேரத்துக்குக் கணக்கு வைக்கவில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு காலைப் பொழுது என்பது அன்றைய சம்பளம். அதை அளக்காமல் ஆற்றில் போடுகிறோம்.

படுக்கையைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். டிஸ்சார்ஜ் சீட்டு காலையிலேயே எழுதப்பட்டால் மதியம் வருகிறவருக்குப் படுக்கை கிடைக்கும் என்பதை மட்டும் இப்போது சொல்லிக்கொள்கிறேன். தலைவர் கொடுத்த நேரம் முடியப் போகிறது. நான் வந்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஓபி சீட்டில் மூன்று கட்டங்கள் வேண்டும். வந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம். செவிலியருக்கு ஏற்கெனவே எழுத வேண்டிய பதிவேடுகள் ஏராளம். அவர்கள் தலையில் இன்னொன்றைச் சுமத்த நான் வரவில்லை. மூன்று இடத்தில் மூன்று நேர முத்திரைகள் போதும். மாதம் ஒரு நாள் சீட்டுகளின் நகலை எங்கள் கல்லூரி மாணவர்களிடம் கொடுங்கள். பெயரை மறைத்துவிட்டே கொடுங்கள். எந்த இடத்தில் கூட்டம் தேங்குகிறது என்று அவர்கள் வரைந்து தருவார்கள், காசு வாங்காமல்.

முதல்வர் அவர்களே, முதலில் சர்க்கரை நோய்ப் பிரிவில் மட்டும், மூன்று மாதம் இதைச் செய்து பார்க்க அனுமதி தாருங்கள் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மனுவை வாசலருகே உள்ள மேசையில் வைத்திருக்கிறோம், பேனாவும் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில், கடைசியாக மருத்துவமனைக்குப் போன அன்று எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். நன்றி, வணக்கம்.