லண்டன் ஆறு மணி நேரமா, இருபத்தொரு மணி நேரமா?

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். மகளையோ மகனையோ மேற்படிப்புக்கு அனுப்பும் தோட்டத்துப் பெற்றோர் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஒரு கணக்குப் போடுவார்கள். கோலாலம்பூரில் இரவு 11 மணிக்கு ஏறி மறுநாள் காலை 5 மணிக்கு லண்டனில் இறங்கினால் ஆறு மணி நேரம். திரும்பும் டிக்கெட்டில் இரவு 9 மணிக்கு ஏற்றம், மறுநாள் மாலை 6 மணிக்கு இறக்கம்; இருபத்தொரு மணி நேரம். "வரும்போது மட்டும் பழைய விமானத்தில் ஏற்றுகிறார்களா?" என்று ஓர் அம்மா கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம்தான், டிக்கெட் அப்படித்தான் காட்டுகிறது.

புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால்; கோடையில் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளுவதால் ஏழு. குளிர்கால எட்டைப் போகும் கணக்கில் சேர்த்து, வரும் கணக்கில் கழித்தால், போக ஏறத்தாழ பதினான்கு மணி நேரம், வரப் பதின்மூன்று. அந்த ஒரு மணி நேரத்தைக் காற்று எடுத்துக்கொள்கிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும்.

தூரம் சுமார் 10,600 கிலோமீட்டர் என்பார்கள். உருண்டையான பூகோளத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்து அளந்த கணக்கு அது. விமானம் அந்த நூல்மேல் பறப்பதில்லை. 2014 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம் நாட்டுக்கு வந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டதை நாம் மறக்க முடியுமா? 2022 போருக்குப் பிறகு உக்ரைன் வானம் முழுவதும் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. சுற்றிப் போகும் ஒவ்வொரு வளைவும் நேரம்தான்.

சென்னைக்கோ ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், நான்கு மணி நேரப் பறப்பு. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். 'இரண்டுதானே' என்று வாதாடும் பெரியவர்கள் சொல்வதும் பொய்யில்லை. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது; அதுவரை இரண்டுதான்.

ஆனால் நம் ஊர்க்காரருக்குப் பெரிய பயணம் தரையில்தான். 1998இல் பன்னாட்டு விமான நிலையம் சுபாங்கிலிருந்து இன்னும் தெற்கே சிப்பாங்குக்குப் போனதிலிருந்து நமக்குச் சாலை இன்னும் நீண்டுவிட்டது. நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், பெட்டி போட மூன்று மணி நேரம் முன்னதாக நில்லுங்கள். சென்னைக்குப் பறப்பதைவிட அது அதிகம்!

நள்ளிரவு தாண்டிய டிக்கெட்டில் தேதியைப் பாருங்கள். ஐந்தாம் தேதி அதிகாலை 12.15 என்றிருந்தால், நான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கே வேனில் ஏறிவிட வேண்டும்.